காணாத கைக்கு ஆயத்தம்

கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே உப்பளங்களையும் கழிவெளியையும் கடந்து கோவளத்துக்கும், தெற்கே திருப்போரூர் வழியாக மாமல்லபுரத்துக்கும், அதற்கும் அப்பால் சதுரங்கப்பட்டினத்துக்கும் நீளும் நிலப்பகுதி, 2019 நவம்பரில் உருவான செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பகுதியாகும். இன்று மென்பொருள் வளாகங்களாலும் கல்லூரிகளாலும் பெயர் பெற்றிருக்கும் இப்பகுதியின் துறைகளில், 17ஆம், 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய வணிகர்கள் பண்டசாலைகளும் கோட்டைகளும் அமைத்துத் துணி வாணிகம் நடத்தினர். அவர்களோடு வந்து இந்நாட்டில் வேரூன்றிய பொருள்களில் 52 சீட்டுகள் கொண்ட ஆட்டக்கட்டும் ஒன்று. கைக்கு என்ன வரும் என்று அறியாமலே ஆட்டத்துக்கு ஆயத்தமாகும் கலையைத் தமிழர் இந்தக் கட்டைக் கொண்டு நெடுங்காலமாகப் பயின்றுள்ளனர். அக்கலையின் மிகப் புதிய வடிவம், கடந்த 30 ஆண்டுகளில் உலகெங்கும் பரவிய, பிரிக்கப்படாத பொட்டலங்களைக் கொண்டு ஆடும் ‘சீல்டு டெக்’ என்னும் ஆட்டமுறையாகும்.

இம்முறையைப் புரிந்துகொள்ள, சேகரிப்புச் சீட்டாட்டம் என்பது என்ன என்று முதலில் கூற வேண்டும். வழக்கமான சீட்டாட்டத்தில் எல்லோருக்கும் பொதுவான ஒரே கட்டு உண்டு. சேகரிப்புச் சீட்டாட்டத்திலோ ஒவ்வொரு ஆட்டக்காரரும் தமக்கென ஒரு கட்டைத் தாமே அமைத்துக்கொண்டு வருகிறார். சீட்டுகள் நூற்றுக்கணக்கான வகைகளாக அச்சிடப்பட்டு, உள்ளே இருப்பவை வெளியே தெரியாதபடி ஒட்டிய சிறு பொட்டலங்களில் விற்கப்படுகின்றன. பல மாதங்கள் சேகரித்தும் மாற்றிக்கொண்டும் அமைத்த கட்டோடு வந்து ஆடுவது ஒரு முறை. ஆட்ட மேசையிலேயே ஒவ்வொருவருக்கும் ஆறு பொட்டலங்களை வழங்கி, அங்கேயே பிரிக்கச் செய்து, அவற்றில் கிடைத்த ஏறத்தாழ 90 சீட்டுகளைக் கொண்டு குறைந்தது 40 சீட்டுகள் உள்ள ஒரு கட்டை அரை மணி நேர அளவில் அமைத்து ஆடச் செய்வது மற்றொரு முறை. இரண்டாவதற்கே சீல்டு டெக் என்று பெயர். பணம் மிக்கவரும் குறைந்தவரும் ஒரே அளவு பொட்டலங்களோடு அமர்வதால், இம்முறையைப் பலரும் நேர்மையானது என்று கருதுகின்றனர். அக்கருத்து பெரிதும் சரியானதே. எனினும் பொட்டலத்துள் இருப்பது எல்லோருக்கும் சமமாக அமைவதில்லை என்பதையும் உடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சீட்டுக்கட்டு இக்கரைக்கு வந்த வழியைத் தமிழ்ச் சொற்களே இன்றும் காட்டிக்கொண்டிருக்கின்றன. தமிழகத்தில் சீட்டாடுவோர் நான்கு இனங்களுள் ஒன்றைக் கிளாவர் என்றும், மற்றொன்றை ஆட்டின் என்றும் அழைக்கின்றனர். ஆங்கிலத்தில் கிளாவர் இனத்துக்கு ‘கிளப்ஸ்’ என்று பெயர். அச்சொல்லிலிருந்து கிளாவர் பிறந்திருக்க முடியாது. டச்சு மொழியிலோ அதே இனத்துக்கு, மூவிலைப் புல்லைக் குறிக்கும் ‘கிளாவெர்’ என்பதே பெயராகும். ஆட்டின் என்பது இதய இனத்துக்குரிய ‘ஹார்ட்டன்’ என்னும் டச்சுச் சொல்லுக்கு மிக நெருங்கி நிற்கிறது. மற்றவற்றை வெட்டும் இனத்துக்குத் தமிழில் வழங்கும் துருப்பு என்னும் சொல்லும் ‘ட்ரூஃப்’ என்னும் டச்சுச் சொல்லின் திரிபாகவே கொள்ளத்தக்கது. டச்சு ஆட்சி நீடித்த இலங்கையில் இச்சான்று இன்னும் தெளிவானது. அங்கே சிங்களத்தில் வழங்கும் இஸ்கோப்ப, ஹாரத, கலாபர, ருயித என்னும் நான்கு பெயர்களும் டச்சுப் பெயர்களின் நேர்த் திரிபுகளாகும்.

சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் இருப்பு பழவேற்காட்டில் 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையோடு உறுதிப்பட்டு, 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறிய பின்னும் பல துறைகளில் தொடர்ந்தது. அவற்றுள் ஒன்றான சதுரங்கப்பட்டினத்தில் அவர்களுடைய செங்கற்கோட்டையின் சிதைவுகளும், செதுக்கு வேலைப்பாடு மிக்க கல்லறைகளும் இன்றும் நிற்கின்றன. 1782 பிப்ரவரி 17 அன்று பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதிய கடற்போர் இவ்வூரின் பெயராலேயே வரலாற்றில் வழங்குகிறது. ஊர்ப்பெயருக்குள் சதுரங்கம் என்னும் ஆட்டத்தின் பெயர் ஒலித்தாலும், இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்தல் தகாது. கேளம்பாக்கத்துக்கு மிக அருகிலுள்ள கோவளத்திலும், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்டெண்ட் துறைமுகத்து வணிகர்கள் ஒரு பண்டசாலை அமைத்தனர். அத்துறைமுகத்தின் பேச்சுமொழியும் டச்சு மொழியின் ஒரு வழக்கே. கிளாவர் என்னும் சொல் எந்தத் துறையில் முதன்முதலாகத் தமிழ் நாவில் ஏறியது என்று குறித்துக் காட்ட இயலாவிடினும், அது ஏறுவதற்கு உரிய துறைகளாக இவை இருந்தன என்பதில் ஐயமில்லை.

இக்கட்டைக் கொண்டு தென்னாட்டார் ஆடிய ஆட்டங்களுள், இங்குப் பேசப்படும் பொருளுக்கு மிக நெருங்கியவை கேரளத்திலும் தமிழகத்தின் சில பகுதிகளிலும் ஆடப்படும் இருபத்தெட்டும், யாழ்ப்பாணத் தமிழரிடையே பெருவழக்காயுள்ள முந்நூற்றுநான்கும் ஆகும். இரண்டிலும் ஜாக்கியே மிக உயர்ந்த சீட்டு, அதற்கடுத்தது ஒன்பது. இருபத்தெட்டில் ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் தலா 1 என ஓர் இனத்துக்கு 7 புள்ளிகள். நான்கு இனங்களுக்குமாக 28. முந்நூற்றுநான்கில் அதே வரிசைக்கு 30, 20, 11, 10 என்றும், ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்றும் கணக்கிட்டு, ஓர் இனத்துக்கு 76 வீதம் 304 ஆகிறது. ஜாக்கியையும் ஒன்பதையும் தலையில் ஏற்றும் இவ்வரிசை ஆங்கில ஆட்டங்களுக்குரியதன்று. டச்சு நாட்டின் ‘கிளாவர்யாஸ்’ சேர்ந்த யாஸ் குடும்பத்துக்கு உரியது என்பதால், இவ்வாட்டங்களை அக்குடும்பத்தின் கிளைகளாகச் சீட்டாட்ட ஆய்வாளர் கருதுகின்றனர்.

இவற்றில் சீட்டு போடும் முறையே கவனத்துக்குரியது. ஒவ்வொருவருக்கும் முதலில் நான்கு சீட்டுகள் மட்டுமே தரப்படுகின்றன. அந்த நான்கைப் பார்த்தே கேள்வி கேட்க வேண்டும். அதாவது தம் அணி இத்தனை புள்ளிகளைப் பிடிக்கும் என்று ஏலம் கூற வேண்டும். ஏலத்தில் வென்றவர் துருப்பைத் தேர்ந்து, அதைக் காட்டும் சீட்டைக் கவிழ்த்து வைக்கிறார். அதன் பின்னரே எஞ்சிய நான்கு சீட்டுகள் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர்கின்றன. பாதிக் கையைக் கொண்டு முழுக் கைக்குமான பொறுப்பை ஏற்கச் சொல்லும் இவ்விதி, ஆட்டக்காரரை ஒருவகைக் கணக்குக்குப் பழக்குகிறது: தம்மிடம் வராத 28 சீட்டுகள் எங்கெங்கே இருக்கக்கூடும், கூட்டாளியிடம் ஜாக்கி இருக்க வாய்ப்பு எவ்வளவு, வரவிருக்கும் நான்கில் ஒரு துருப்பாவது கிடைக்குமா என்று எண்ணிப் பார்த்தபின்தான் அவர் வாய் திறக்கிறார். சீல்டு டெக் ஆடுவோர் மேசைக்கு வருமுன் செய்யும் ஆயத்தமும் இதே கணக்குத்தான். தொகை மட்டுமே பெரிது.

ஐரோப்பியக் கட்டுக்கு முன்பே இந்தியாவில் கஞ்சிஃபா என்னும் வட்டச் சீட்டுகள் வழக்கில் இருந்தன. 1527இல் பாபர் சிந்துவின் ஷா ஹசனுக்கு இச்சீட்டுகளை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்பிலேயே உள்ளது. எட்டு இனங்களில் 96 சீட்டுகள் கொண்டது முகலாயக் கட்டு. பத்து இனங்களில் 120 சீட்டுகள் கொண்டது தசாவதாரக் கட்டு. 1868இல் மறைந்த மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் இவற்றை இன்னும் விரித்துச் ‘சத்’ எனப்பட்ட புதிய ஆட்டங்களை வகுத்தார். கட்டு பெரிதாகப் பெரிதாக, முழுவதையும் நினைவில் நிறுத்துவதே ஆட்டத்தின் முதல் ஆயத்தமாகிவிடுகிறது என்பதற்கு மைசூர் ஆட்டங்கள் நல்ல சான்று.

கைக்கு வந்த சீட்டு தற்செயலானது என்றால், அதை வைத்து ஆடுவது திறமையா சூதா என்னும் வினா நீதிமன்றங்களையும் நீண்ட காலம் அலைக்கழித்துள்ளது. திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கிய மொழியில் இவ்வினா எழுவது இயல்பே. 1930ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சூதாட்டச் சட்டம், திறமையாட்டங்களைத் தன் பிடியிலிருந்து விலக்கி வைத்தது. 1968ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் பதிவான ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா வழக்கில், ரம்மி பெரிதும் திறமையாட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வதில் திறமை வேண்டும் என்பது அதற்குக் காட்டிய காரணம். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பாட்டங்களின் அட்டவணையில் சேர்த்தபோது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வட்டவணையை நீக்கியது. பணம் வைத்து ஆடும் பழக்கம் குடும்பங்களை அழித்ததை இத்தீர்ப்புகள் எவையும் மறுக்கவில்லை. சீட்டு வருவதற்கும் சீட்டை ஆள்வதற்கும் இடையே கோடு கிழிப்பதே அவற்றின் வேலையாக இருந்தது. வைத்துக்கொள்வதும் கழிப்பதுமே திறமை என்னும் உச்ச நீதிமன்றத்தின் வரையறை, 90 சீட்டுகளில் ஒரு பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எஞ்சியவற்றை ஒதுக்கும் சீல்டு டெக்கிற்கும் வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது.

சேகரிப்புச் சீட்டாட்டத்தின் தொடக்கம் 1993. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்வுக் கணிதம் பயின்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் கணிதவியலர், பீட்டர் அட்கிசன் நடத்திய விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்னும் சிறு நிறுவனத்திடம் வேறொரு பலகையாட்டத்தைக் கொண்டு சென்றார். அதை அச்சிட அதிகப் பொருள் தேவைப்பட்டதால், எடுத்துச் செல்ல எளிதாகவும் விரைவில் முடிவதாகவும் ஓர் ஆட்டம் வேண்டும் என்று அட்கிசன் கேட்டார். அவ்வாறு பிறந்ததே ‘மேஜிக்: தி கேதரிங்’. முதற்பதிப்பில் 295 வகைச் சீட்டுகள் இருந்தன. 60 சீட்டுகள் கொண்ட தொடக்கக் கட்டாகவும், 15 சீட்டுகள் கொண்ட பொட்டலமாகவும் அவை விற்பனைக்கு வந்தன. மக்கள் ஓரிரு கட்டுகளை வாங்கி, கிடைத்ததை வைத்தே தமக்குள் ஆடுவர் என்பதே ஆக்கியோர் எதிர்பார்த்த வழக்கம்; அவ்வகையில் சீல்டு டெக்கைப் பின்னாளில் சேர்த்த ஒரு கிளை என்பதைவிட, ஆட்டத்தின் தொடக்க நிலைக்குத் திரும்பும் வழி என்று கொள்வதே பொருத்தம். ஆனால் வாங்கியவர்கள் சில கட்டுகளோடு நிற்கவில்லை. வலிய சீட்டுகளைத் தேடித் திரட்டி அமைத்த கட்டுகள் விரைவில் ஆட்டத்தை ஆளத் தொடங்கின.

தமிழகச் சிறுவர்க்கும் ஒட்டிய பொட்டலத்தின் ஈர்ப்பு புதிதன்று. மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்த கிரிக்கெட் வீரர் அட்டைகளையும், மற்போர் வீரர்களின் உயரம், எடை முதலியவற்றை ஒப்பிட்டு ஆடிய ‘டிரம்ப் கார்டு’களையும் ஒரு தலைமுறையே சேர்த்து வைத்திருந்தது. ஆயினும் கிடைத்தவற்றிலிருந்து தேர்ந்து ஒரு கட்டை அமைக்கும் வேலை அவ்வட்டைகளில் இல்லை. கிடைத்ததை மாற்றிக்கொள்வதோடு அவை நின்றன.

1996ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்துக் குறிக்கத்தக்கது. அவ்வாண்டு செப்டம்பரில் அட்லாண்டாவில் நடந்த தொழில்முறைப் போட்டி சீல்டு டெக் முறையில் அமைந்தது; அதிலும் இன்னும் கடைக்கே வராத ‘மிராஜ்’ என்னும் தொகுதியின் பொட்டலங்கள் மேசையில் வைக்கப்பட்டன. ஒருவரும் முன்பு ஆடியிராத சீட்டுகளைப் பிரித்து, படித்து, எடை போட்டு, கட்டமைத்து ஆட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் பியூனஸ் அயர்ஸ் நகரில், முன்னாள் உலக சதுரங்க சாம்பியன் பாபி ஃபிஷர், பின்வரிசைக் காய்களின் இடங்களைக் குலுக்கி வைத்து ஆடும் புதிய சதுரங்கத்தை அறிவித்தார். 960 தொடக்க நிலைகள் கொண்ட அந்த ஆட்டத்தின் நோக்கம், மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகளைப் பயனற்றதாக்குவது. சதுரங்கத்திலேயே, முடியாத ஆட்டத்தின் அடுத்த நகர்வை எழுதி உறையிலிட்டு ஒட்டி நடுவரிடம் தந்துவிட்டு மறுநாள் தொடரும் பழைய வழக்கமும், கணினிகள் இரவோடு இரவாக விடை கண்டுவிடும் நிலை வந்ததால் அந்தப் பத்தாண்டில்தான் மறைந்தது. ஆயத்தம் அளவு கடந்து பெருகிவிட்டது என்னும் உணர்வு, ஒன்றையொன்று அறியாத இரு ஆட்டங்களில் ஒரே காலத்தில் எழுந்து ஒரே வகையான தீர்வைத் தேடியது ஆழ்ந்து எண்ணத்தக்கது.

முன்னறிந்து ஆயத்தமாகும் மரபின் உச்சத்தைக் கேளம்பாக்கம் வட்டாரமே நேரில் கண்டது. 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் ரஷ்யாவிலிருந்து மாற்றப்பட்டு, 2022 ஜூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் வரை மாமல்லபுரத்தில் 11 சுற்றுகளாக நடந்தது. ஒவ்வோர் அணியிலும் ஐவர். மேசைக்கு வருவோர் நால்வர். எவரை அமர்த்துவது, எவருக்கு ஓய்வு தருவது என்பது தலைவரின் முடிவு. எதிரணியும் ஆட்டக்காரரும் யார் என்று முன்கூட்டியே தெரிவதால், இடைப்பட்ட நேரம் முழுவதும் எதிராளியின் பழைய ஆட்டங்களைப் புரட்டுவதில் கழியும். திறந்த பிரிவில் உஸ்பெகிஸ்தானும் மகளிர் பிரிவில் உக்ரைனும் தங்கம் வென்ற அவ்வாண்டில், இளையோர் நிறைந்த இந்தியாவின் இரண்டாம் அணி வெண்கலம் பெற்றது. முதல் மேசையில் ஆடிய சென்னையின் குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றார். அந்த அரங்கில் மேசைக்கு வருமுன் அறிந்ததே வலிமை. சீல்டு டெக் அரங்கிலோ எதிராளியின் பெயரும் தெரியாது, தம் கையும் தெரியாது. இருந்தும் ஆயத்தமானவரே பெரும்பாலும் வெல்கின்றனர். இதற்கான விளக்கத்தை ஆயத்தத்தின் உள்ளமைப்பில்தான் தேட வேண்டும்.

சீல்டு டெக்கிற்கு ஆயத்தமாவோர் முதலில் தொகுதி முழுவதையும் படிக்கின்றனர். அட்லாண்டாவில் இயலாதிருந்த இப்படிப்பு, சீட்டுப் பட்டியல்கள் விற்பனைக்கு முன்பே முழுமையாக வெளியிடப்படும் இன்றைய நிலையில் எல்லோர்க்கும் எட்டுகிறது. படிக்கும்போது எதற்கு முதன்மை தருவது என்பதில்தான் பயிற்சி உடையவரும் இல்லாதவரும் வேறுபடுகின்றனர். பொட்டலத்தில் அரிய சீட்டு ஒன்று, நடுத்தரமானவை மூன்று, சாதாரணமானவை ஏறத்தாழ பத்து என்பது 2024 வரை நெடுநாள் நீடித்த அமைப்பு. அவ்வமைப்பில், ஒரு தொகுதியில் சாதாரணச் சீட்டுகள் 100 வகை எனக் கொண்டால், ஆறு பொட்டலங்களில் 60 வரும். ஒரு குறிப்பிட்ட சாதாரணச் சீட்டு ஒருவர் கையில் சராசரியாக 0.6 பிரதி என்றாகிறது. அரிய சீட்டுகள் 60 வகை என்றால், குறிப்பிட்ட ஒன்று வர வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். ஆகவே கண்ணைக் கவரும் அரிய சீட்டுகளைக் கனவு காண்பதைவிட, கையிலும் எதிரிலும் மீண்டும் மீண்டும் வரப்போகும் சாதாரணச் சீட்டுகளை மனத்தில் பதித்துக்கொள்வதே பயனுள்ளது. ‘உயிரி’ எனப்படும், எதிராளியின் தாக்கும் சீட்டை அகற்றவல்ல மலிவான சீட்டுகள் ஐந்து நிறங்களுள் எதில் எத்தனை உள்ளன, அவை எவ்வளவு பெரிய உயிரியை வீழ்த்தும், ஆகவே எந்த அளவுக்கு மேற்பட்ட உயிரி தப்பிப் பிழைக்கும் என்பவற்றைப் பட்டியலிட்டு வைப்போர், மேசையில் ஒவ்வொரு சீட்டையும் அப்பட்டியலோடு ஒப்பிட்டே எடை போடுகின்றனர்.

அடுத்தது கட்டின் கணக்கு. மேஜிக் ஆட்டத்தில் ஒவ்வொரு சீட்டையும் இறக்க ஒரு விலை உண்டு. அவ்விலையைத் தருவது நிலச்சீட்டுகள். வெள்ளை, நீலம், கறுப்பு, சிவப்பு, பச்சை என ஐந்து நிறங்களுக்கும் தனித்தனி நிலம் உண்டு. 40 சீட்டுகளில் 17 நிலம், 23 பிற என்பது நீண்ட பட்டறிவால் நிலைபெற்ற அளவு. தொடக்கத்தில் எடுக்கும் ஏழு சீட்டுகளில் சராசரியாக மூன்று நிலங்கள் வர இது வழி செய்கிறது. எஞ்சிய 23இல், இரண்டு நிலத்திலேயே இறங்குபவை, மூன்றில் இறங்குபவை எனச் சிறிய விலைகள் மிகுந்தும் பெரிய விலைகள் குறைந்தும் அமைய வேண்டும். ஆட்டக்காரர் இதை வளைகோடு என்பர். தனி ஒரு சீட்டு எவ்வளவு வலியதாயினும் முதல் ஏழில் அது வர வாய்ப்பு 17.5 விழுக்காடே; வளைகோடோ சரியாயிருந்தால் ஒவ்வோர் ஆட்டத்திலும் பயன் தருகிறது. இரண்டு நிறங்களோடு நிற்பதா, மூன்றாவதன் சில வலிய சீட்டுகளுக்காக நிலத்தைப் பங்கிட்டு இடர் ஏற்பதா என்பது மேசையில் எழும் மிகக் கடினமான முடிவு. அதை வீட்டிலேயே பலமுறை எடுத்துப் பழகுவதற்காக, ஆறு பொட்டலங்களைப் பிரித்து, கடிகாரத்தை வைத்துக் கட்டமைத்து, அதே சீட்டுகளிலிருந்து முற்றிலும் வேறான இரண்டாவது கட்டையும் அமைத்துப் பார்க்கும் பயிற்சி பரவலாக உள்ளது. அரை மணி நேரத்தில் மனம் முதலில் கண்ட கட்டோடு ஒட்டிக்கொள்ளும் இயல்பை உடைக்க இதைவிடச் சிறந்த வழி இருப்பதாகத் தெரியவில்லை.

போட்டி நடத்துவோரும் தம் பங்குக்கு ஒரு வழக்கத்தை உருவாக்கினர். பெரிய போட்டிகளில் ஒருவர் பிரித்த சீட்டுகளை அவரே வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொன்றையும் தாளில் பதிந்து வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அது. வெளியிலிருந்து ஒரு சீட்டைச் சேர்த்துவிட இதனால் வழியின்றிப் போயிற்று. இருபத்தெட்டில் கவிழ்த்து வைத்த துருப்பை எவரும் தொடாமல் எல்லோர் கண் முன்னும் மேசையில் வைத்திருக்கும் கட்டுப்பாடும் இதே நம்பிக்கையைக் காக்கவே ஏற்பட்டது.

கட்டில் சேராமல் ஒதுக்கிய சீட்டுகளுக்கும் ஆட்டத்தில் இடமுண்டு. ஒரு போட்டி மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்வதாக அமைவதால், முதல் ஆட்டம் முடிந்தபின் ஒதுக்கியவற்றிலிருந்து எடுத்துக் கட்டை மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. வேண்டுமானால் நிறங்களையே மாற்றி முற்றிலும் புதிய கட்டோடு இரண்டாம் ஆட்டத்துக்கு வரலாம். எதிராளியின் கட்டு வேகமானது என்று முதல் ஆட்டத்தில் கண்டுகொண்டவர், தம் பெரிய உயிரிகளைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, அரை மணி நேரத் தேர்வின்போது பயனற்றவை என்று ஓரமாக வைத்த சிறிய, மலிவான தடுப்புச் சீட்டுகளைக் கலைத்துக் கட்டில் சேர்க்கிறார். வீட்டில் இரண்டாவது கட்டையும் அமைத்துப் பழகியவருக்கு, அதற்கு இரண்டு நிமிடங்களே போதுமானவை.